ஏழாவது வரிசையில் ஒரு காலிக் கட்டம்

“வேலை அனுபவக் கட்டத்தை மட்டும் ஏன் மேடம் காலியா விட்டிருக்கீங்க?”

“சொல்ல ஒண்ணும் இல்லை. கோடு போட்டுடுங்க.”

திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து பேராசிரியை தலையைத் தூக்கவே இல்லை.

எதிரே நின்று கேட்ட, செவிலியர் முதுநிலைக் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளருக்கு மாணவிகள் வைத்த பெயர் ‘கட்டம் சார்’. எந்தப் படிவத்திலாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

ஆசிரியர்களின் படிப்பு, வேலை விவரப் பட்டியல் அன்று நான்கு மணிக்குள் ஆய்வுக்குழுவுக்குப் போக வேண்டும். ஆசிரியர்கள் எட்டுப் பேர். ஆளுக்கு ஒன்பது கட்டம். எழுபத்திரண்டில் எழுபத்தொன்று நிரம்பிவிட்டது. பாக்கி, ஏழாவது வரிசையில் இந்த ஒன்றுதான்.

“இந்தப் பட்டியலை வச்சுத்தான் மேடம் அடுத்த துறைத்தலைவரைப் போடப் போறாங்க. டாக்டர் பட்டம் இருக்கிறவங்கள்ல அனுபவம் யாருக்கு அதிகமோ அவங்களுக்கு நாற்காலி. கோடு போட்டா, அனுபவம் கொஞ்சமா இருக்கிறவர்கூட உங்களைத் தாண்டி முன்னாடி போயிடுவார்.”

“வழி விட்டா போகத்தானே செய்வார். போகட்டும்.”

“முதுநிலை முடிச்சப்போ உங்களுக்கு வயசு இருபத்தாறு. டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தப்போ முப்பத்தெட்டு. நடுவுல பன்னிரண்டு வருஷம் இருக்கே?”

“என் வயசை எண்ணாதீங்க சார், பட்டியல்ல பக்கத்தை எண்ணுங்க. கோடு.”

கட்டம் சார் வெளியே வந்தார். வராந்தாவில் வார்டு அக்கா நின்றிருந்தார். பட்டியலில் எட்டாவது பேர். டாக்டர் பட்டம் கிடையாது. ஆனால் இருபத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் உழைத்த கை. இன்றைக்கும் விடுமுறை நாளில் வார்டுக்குப் போய்விட்டு வருவார். அவருக்கும் பேராசிரியைக்கும் ஏழாம் பொருத்தம்.

“என்ன சார், கோடுதானா?” வார்டு அக்கா சிரித்தார். “வார்டு வாசலை மிதிச்சிருந்தாத்தானே எழுத முடியும்? நேத்து நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிற பாடம் நடத்தறாங்க. வகுப்புக்குத் துணையாப் பின்வரிசையில உட்கார்ந்திருந்த நான் எழுந்து, ‘இப்பல்லாம் அப்படித் திருப்பறது இல்லை மேடம், நம்ம முதுகு போயிடும்’னேன். பிள்ளைங்க எல்லாம் சிரிச்சிடுச்சுங்க. அந்தம்மா முகம் போன போக்கைப் பார்க்கணுமே. நான் இங்க இருக்கிறதே அவங்க கண்ணுல தூசி விழுந்த மாதிரி.”

கட்டம் சார் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மனசு உட்காரவில்லை.

பன்னிரண்டு வருடம். மறைக்கிற அளவுக்கு என்ன நடந்திருக்கும்? எங்கேயாவது மருந்தை மாற்றிக் கொடுத்து, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களோ? நாளைக்கு ஆய்வுக்குழு அதைத் தோண்டி எடுத்தால் கல்லூரி மானம் கப்பலேறிவிடுமே.

விடுவதில்லை என்று முடிவு செய்தார். பேராசிரியையின் பழைய கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நாற்பத்து மூன்றாவது தாள், மேல்படிப்புக்கு அனுமதி கொடுத்து ஓர் ஆஸ்பத்திரி எழுதிய கடிதம். அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

“அவங்களா?” என்றார் அங்கிருந்த தலைமைச் செவிலியர். “பன்னிரண்டு வருஷம் எங்க தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்தாங்க. அவங்களை லீவு எடுக்க வைக்கிறதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. ஏன், அங்க ஏதாவது பிரச்சினையா?”

“இல்லீங்கம்மா. அனுபவச் சான்றிதழ் ஒண்ணு வேணும்.”

“அரை மணியில அனுப்பறேன்.”

மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சான்றிதழும் கையுமாகப் பேராசிரியையின் முன் நின்றார்.

“மன்னிக்கணும் மேடம். நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். இதோ, பன்னிரண்டுன்னு போட்டுடறேன்.”

பேராசிரியை சான்றிதழைப் பார்த்தார். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“விதிப் புத்தகம் கையில இருக்கா? பதினாலாவது விதியை வாசிங்க.”

கட்டம் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். “‘டாக்டர் பட்டம் பெற்ற ஆசிரியர் எவருக்கும் பத்தாண்டு ஆஸ்பத்திரி அனுபவம் இல்லாத கல்லூரியில் மட்டும், பட்டம் இல்லாத அனுபவசாலி ஒருவரை ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம்.’”

வாசித்து முடித்ததும் அவர் கண் தானாகப் பட்டியலின் எட்டாவது பெயருக்குப் போனது.

“புரிஞ்சுதா?” என்றார் பேராசிரியை. “நான் பன்னிரண்டு வருஷத்தைக் காட்டினா, அடுத்த மாசம் அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்குப் போறது ஒரு நாற்காலி. அவங்களுக்குப் போறது பிழைப்பு. அந்தக் கட்டத்தை நிரப்பறதும் விடறதும் ஆசிரியர் விருப்பம்னு படிவத்துலயே அச்சடிச்சிருக்கு. நான் விட்டுட்டேன். கோடு போடுங்க.”

கட்டம் சார் பேனாவைத் திறந்தார். அளவுகோலை வைத்து அந்தக் கட்டத்தில் நேராக ஒரு கோடு போட்டார்.

“வார்டு அக்காவுக்கு இது தெரியுமா மேடம்?”

“தெரியவே கூடாது. நீங்களும் சொல்லிடாதீங்க.”

“வராந்தா பூரா உங்களைப் பத்திக் கேலி பேசிட்டுத் திரியறாங்க. தெரிஞ்சா, காலத்துக்கும் நன்றியோட இருப்பாங்களே.”

“அதனாலதான் சார் சொல்றேன். என் கை வார்டை விட்டு எட்டு வருஷமாச்சு. நன்றி வந்துட்டா அவங்க வாய் அடங்கிடும். அப்புறம் நான் தப்பா நடத்தும்போது, பின்வரிசையில எழுந்து யார் சொல்லுவா?”