பதினோராவது ரெக்கார்டு கடை

நல்ல இசைத்தட்டுக் கடை எதுவென்று அறிய, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு சோதனை வைத்திருந்தார். ஒரு பழைய இசைத்தட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பார். இருந்தால் நல்ல கடை. நகரத்தில் பத்துக் கடை ஏறி இறங்கியும் ஒன்றும் தேறவில்லை.

"ரசனை கெட்ட ஊரு!" என்று வீட்டில் அலுத்துக்கொண்டார்.

"துணிக்கடை மாடியில புதுசா ஒண்ணு இருக்காம். நாளைக்குப் போய்ப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

போனார். பெயரைச் சொன்னதுமே, "இருக்கே சார்!" என்று எடுத்து நீட்டினாள் கடைக்காரப் பெண்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பலே! இதுதான்மா கடை!"

அந்தப் பெண், இசைத்தட்டின் உறைப் படத்தில் மைக் பிடித்து நின்ற சுருட்டைமுடி இளைஞனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாடினது நீங்கதானா சார்? காலையில ஒரு அம்மா இதைக் கொண்டுவந்து குடுத்தாங்க. 'எங்க வீட்டுக்காரர் வந்து கேப்பாரு, இருக்குன்னு சொல்லிடுங்க'ன்னாங்க."

அசடு வழிய நின்றவர், "சரி, போடும்மா, கேப்போம்" என்றார். இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டார்.

"கடை எப்படி?" என்றாள் மனைவி, வீட்டு வாசலிலேயே.

"கடை பிரமாதம்" என்றார். "பாட்டுதான் ரொம்பச் சுமார்."