எட்மண்ட் வீட்டு ஐந்து விளக்குகள்

ராஜமாணிக்கம் முதல் விளக்கின் முன் போய் நின்று, சட்டைப்பையிலிருந்து தன் பித்தளைப் பில்லையை எடுத்தார்.

அவர் மனைவி சௌந்தரத்துக்குத் தெரியும், எடுப்பார் என்று. கட்டில் வாங்கப் போனாலும் ஆணியை எண்ணிப் பார்க்கிற மனுஷன்.

இருபத்திரண்டு வருஷமாகச் சுரங்கத்து லேம்ப் ரூமில் அவர் செய்கிற வேலையே இதுதான். கீழே இறங்குகிறவனின் விளக்கை ஏற்றுவார். ஒரு முழம் தள்ளிப் பில்லையைப் பிடிப்பார். அதில் குத்தியிருக்கும் நம்பர் தெரிந்தால் விளக்கு ஷாஃப்டு வழியாகக் கீழே போகும். தெரியாவிட்டால் ரிப்பேருக்குப் போகும்.

பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு மட்டும்தான் மாமா பில்லையை வெளியில் எடுக்கவில்லை என்று அதே சுரங்கத்தில் இறங்குகிற சௌந்தரத்தின் தம்பி பெருமாள் கேலி பேசுவான். அவனும் கூட வந்திருந்தான், விளக்கைத் தூக்கிப் போக.

சுரங்கக் கம்பெனி சர்க்கார் கைக்குப் போனதிலிருந்து பங்களாக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதம் ஷிஃப்டு பாஸ் எட்மண்டின் முறை. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிறார். அவர் மனைவி பம்பாயிலிருந்து வரவழைத்த புது மோஸ்தர் விளக்குகள் ஐந்தும் விலைக்கு வந்து, திரைச்சீலை இழுத்துவிட்ட ஹாலில் எரிந்துகொண்டிருந்தன.

ராஜமாணிக்கத்துக்கு விளக்கு வேண்டும். அலங்காரத்துக்கு இல்லை. ஆறு மாதமாக வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்கிறார். மூன்று பல்பு மாற்றியாயிற்று. பவர் ஹவுஸ்காரனைத் திட்டியாயிற்று.

லேம்ப் ரூமிலும் அதே பேச்சுதான். போன வாரம் மட்டும் அறுபது விளக்கை மங்கல் என்று திருப்பிவிட்டார். ஆளை இறக்குகிற கேஜ் காத்துக் கிடந்தது, ஷிஃப்டு அரைமணி தாமதம். பெரிய அதிகாரி கூப்பிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: இன்னும் ஒரு வாரம் இப்படி நடந்தால் கண் டாக்டரிடம் போ.

கண் போனால் வேலை போகும். வேலை போனால் சுரங்கத்து லைன் வீடு போகும். அதைச் சௌந்தரத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் விளக்கு மூன்று மரக்காலில் நின்றது, தலையில் துணிக்கூடை கவிழ்த்து.

"தரையோட நின்னுடுச்சி வெளிச்சம்," என்று நகர்ந்தார்.

இரண்டாவது கொக்குக் கழுத்தை வளைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சுவத்துக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்? சுவரா பேப்பர் படிக்கப்போவுது?"

மூன்றாவது பால் நிறக் கண்ணாடி உருண்டை. சௌந்தரத்துக்கு அதைப் பிடித்திருந்தது, நிலா மாதிரி இருக்குதுங்க என்றாள். நிலா வெளிச்சத்தில் எவன் வேலைக்குப் போவான் என்று கேட்டுவிட்டு நாலாவதுக்குப் போனார். அதன் தகரத் தொப்பி முழுக்க ஊசி ஓட்டை. வெளிச்சத்தைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிறான் என்று அதையும் தள்ளினார்.

ஒவ்வொன்றின் முன்னும் பில்லை எழுந்து இறங்கியது. தன் சொந்த நம்பர்தான், தூக்கத்திலும் சொல்வார். ஆனாலும் தெரியாததைத் தெரிந்தது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஐந்தாவதில் மஞ்சளும் கறுப்புமாக இரண்டு கூம்புகள். எட்மண்ட் இரண்டையும் அவர் பக்கம் திருப்பினார். சௌந்தரம் கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெருமாள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

ராஜமாணிக்கம் பில்லையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

"இன்னா மேன், இதுக்கு மேல வேணும்னா சூரியனத்தான் கழட்டிக் குடுக்கணும்," என்று எட்மண்ட் சிரித்தார். "கோளாறு விளக்குல இல்ல மேன். உன் கண்ணுலதான்!"

பெருமாளும் சிரித்தான்.

ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. கையை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். தொண்டையைச் செருமினார்.

"நானூத்திப் பதினேழு," என்றார். "பளிச்சினு தெரியுது."

சௌந்தரம் அவர் தோளையொட்டி நின்றிருந்தாள். அவளுக்கும் பில்லை பளிச்சென்றுதான் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் பக்கம். நம்பர் குத்திய பக்கம் உள்ளங்கையை ஒட்டிக் கிடந்தது.

எட்மண்ட் அதற்குள் பிளக்கைப் பிடுங்கக் குனிந்துவிட்டார். ராஜமாணிக்கம் மெல்லத் தலையைத் திருப்பினார், அவள் நிற்கிற பக்கமாக.

"இதையே எடுத்துக்கலாங்க," என்றாள் சௌந்தரம்.

பங்களாப் படியில் இறங்கும்போது ராஜமாணிக்கம் மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டார். பெருமாள் ஒரு கையில் விளக்கும் ஒரு பக்கத்தில் மாமாவுமாக இறங்கினான்.

திங்கட்கிழமை லேம்ப் ரூமிலிருந்து ஒரு விளக்குகூட ரிப்பேருக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. கேஜ் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. புதன்கிழமை பெரிய அதிகாரியே ஜன்னலுக்கு வந்து, டாக்டரிடம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷிஃப்டு முடிந்து வந்த பெருமாள் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு அதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"துரை வூட்டு வெளக்கு வந்த நேரம் மாமா மாறிட்டாருக்கா. நீட்டுன ஒடனே பாஸு. என் வெளக்கு கீழ போனதும் மினுக்கு மினுக்குனு செத்துப்போச்சு. பக்கத்து ஆள் வெளிச்சத்துல சுவத்தத் தடவித் தடவிதான் வேலை செஞ்சேன். பரவால்ல, டயத்துக்கு எறங்குனமா இல்லையா?"

சௌந்தரம் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

போதும்க்கா என்று கையைக் குறுக்கே நீட்டினான். அந்தக் கையை ஒதுக்கிவிட்டு இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.