சிவப்புப் புள்ளி

"எல்லாத்தையும் இன்னிக்கே முடிச்சுடணும்க்கா. ஒண்ணக்கூட விட்டுவைக்க முடியாது."

இதைச் சொல்லும்போது தங்கை, அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் ரம்பத்தோடு ஆட்கள் காத்திருந்தார்கள். விழப்போவது தோட்டம் நிறைய வாதுமை மரங்கள். அக்காவுக்குச் சோறு போடுவதே அவைதான்.

மரத்தைத் துளைத்துக் கொல்லும் வெளிநாட்டு வண்டு ஒன்று ஊரையே பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அது அடுத்து எங்கே போகும் என்று கணித்துச் சொல்வது தங்கையின் உத்தியோகம். வரைபடத்தில் அவள் சிவப்புப் புள்ளி வைத்த இடத்திலெல்லாம், வண்டுக்குப் பிடித்த வாசனை மருந்தோடு ஒரு பொறியை மாட்டுவார்கள். கொஞ்ச நாளிலேயே அங்கே வண்டு வந்துவிடும். அவள் கணக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

"சுத்தி இருக்கிற தோட்டமெல்லாம் போச்சுக்கா. அடுத்து இதுதான். வண்டு வர்றதுக்கு முன்னாடியே வெட்டினாத்தான் மேல பரவாது."

"மழை வரும்னு குடையத் தூக்கிட்டுப் போவ, வெயில் மண்டையப் பிளக்கும். நீ எனக்கு ஜோசியம் சொல்றியா? ஒரு மரத்துல ஒரு ஓட்டை காட்டு, நானே வெட்டறேன்."

செல்போன் மறுபடியும் அடித்தது. மேலதிகாரி.

"இன்னும் ஆரம்பிக்கலையா? சொந்த அக்கான்னு யோசிக்கிறீங்களா?"

"இல்ல சார், இதோ ஆச்சு."

ஆனால் ஆட்களைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. மரம் மரமாக ஓடி, பட்டையைத் தட்டினாள், சுரண்டினாள், குனிந்து வேரடியில் தேடினாள். ஓட்டை இல்லை, மரத்தூள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் பட்டுப்போய் நிற்க, இது மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

அக்கா பிழைத்தாள் என்று சந்தோஷப்படுவதா, கணக்கு எங்கே தப்பியது என்று பயப்படுவதா, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சரி, பொறியில ஏதாவது விழுந்திருக்கான்னு பார்த்துடறேன். எங்க மாட்டினாங்கக்கா?"

அக்கா சங்கடமாக நெளிந்தாள்.

"திட்டாதடி. அந்த வாசனை எனக்கு ஒரே தலைவலி. மாட்டின அன்னிக்கே கழட்டி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிட்ட கொடுத்துட்டேன். அவரு தன்னோடதோட சேர்த்து ரெண்டையும் மாட்டிக்கிட்டாரு."

"அப்புறம்?"

"பாவம், அவர் மரம்தான் மொதல்ல போச்சு."