எலுமிச்சை, குதிரை

அர்ஜென்டினாவின் துக்குமான் நகரத்துக் காலை வெயில் மருத்துவ அறை மேசையில் பாதிவரை ஏறியிருக்கிறது. வெளியே பந்து உதைபடும் சத்தம். ரக்பி சீசன் தொடங்குமுன் ஒவ்வொருவனின் ஞாபகத்தையும் நான் சோதித்துக் குறித்துவைக்க வேண்டும். பின்னால் தலையில் அடிபட்டால், அதே அளவை எட்டியபிறகுதான் மறுபடி களம். அதனால் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இன்றைக்கே வேண்டுமென்று மறப்பார்கள். எதிரே பௌஸ்தீனோ. தொழில்முறை ஆட்டத்தில் அவனுக்கு இது பதினோராவது சீசன். இரண்டு காதுகளும் நசுங்கி உப்பிப்போயிருக்கின்றன. "எலுமிச்சை, கத்தரிக்கோல், மழை, குதிரை, ரொட்டி. திருப்பிச் சொல்லு." "எலுமிச்சை... குதிரை..." கூரையைப் பார்க்கிறான். "எனக்கே காது குத்துறியா? போன வருஷமும் இதே நாடகம்தானே?" "சத்தியமா அவ்வளவுதான் வருது டாக்டரம்மா." சிரிக்கிறான். கள்ளச் சிரிப்பு. 'நடிக்கிறான்' என்று ஓரத்தில் எழுதுகிறேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எப்போதும்போல என் சுரைக்குடுவையில் மாத்தே இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி நீட்டுகிறான். குழலில் உறிஞ்சுகிறேன். இனிக்கிறது. எனக்குச் சர்க்கரை ஆகாதென்று பத்து வருஷமாகக் கசப்பாகவே ஊற்றித் தந்தவன், என் முகத்தையே பார்த்துக் கேட்கிறான்: "வழக்கம்போல ரெண்டு ஸ்பூன் போட்டேன், போதுமா?"