நாவியும் அதிவிடயமும்

சாக்குப் பையைத் தரையில் போட்ட ஷாநவாஸ், மதினி உட்காரச் சொல்லும் முன்பே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். யாங்கோனில், பசுந்தாங்கின் அந்தத் தெருவில் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்தார்கள். ஃபக்ருன்னிசா வழக்கம்போல் நாட்டு மருந்துக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கடுக்காய் தட்டிக்கொண்டிருந்தாள்.

செத்துப்போன புருஷனின் தம்பி, தொழுகையை விட்டுவிட்டுச் சரக்கு கொண்டுவந்திருக்கிறான். நல்லதுக்காக இருக்காது.

"வடக்க பூட்டாவோ மலைச் சரக்கு மதினி. பனிமலை அதிவிடயம். சரிதானான்னு நீங்கதான் சொல்லணும்."

சொல்ல வேண்டுமாம்! அண்ணன் ரஹ்மத்துல்லாவை அடக்கம் செய்துவிட்டு வந்த ஈரம் காயும் முன்பே, பொம்பளைக்கு மருந்துக் கடை எதற்கு என்று ஜமாஅத்தில் போய் நின்றவன் இவன். அவர்களும் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள். கடையை அவளே நடத்தட்டும். ஒரு சரக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டால் சாவி தம்பி கைக்குப் போகட்டும்.

சாவி போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அது அவனுக்கும் தெரியும்.

வடக்கே சண்டை ஓய்ந்து பாதை திறந்ததிலிருந்து மலைச் சரக்கு மறுபடி வரத் தொடங்கியிருந்தது. ஃபக்ருன்னிசா ஒரு கிழங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அதிவிடயமும் நாவியும் ஒரே குடும்பம். மரம் முளைக்காத உயரத்தில், பனி உருகும் ஓரத்தில், இரண்டும் நீலமாய் முக்காடு போட்ட மாதிரி பூக்கும் என்று ரஹ்மத்துல்லா சொல்லியிருக்கிறார். பூவையும் இலையையும் வைத்து மலைக்காரர்கள் பிரித்துவிடுவார்கள். யாங்கோனுக்கு வந்து சேர்வது காய்ந்த கிழங்கு மட்டும். அதிவிடயம், பேதியாகும் பிள்ளைக்கு உரசிக் கொடுப்பது. நாவி, ஆளைக் கொல்வது.

புகையில் காயவைத்துவிட்டால் இரண்டின் தோலும் ஒன்றுபோல் கறுத்துவிடும். அப்புறம் நாக்குதான் சாட்சி. அதிவிடயம் என்றால் வெறும் கசப்பு. நாவி என்றால் நாக்கு சுருசுருக்கும், உதடு மரத்துப்போகும்.

நகக்கண் அளவு கிள்ளி, நுனிநாக்கில் வைத்துத் துப்புவது அவள் வழக்கம். அதற்குள் ஷாநவாஸ் மேசைமேல் கிடந்த பாக்குவெட்டியை எடுத்து ஒரு பெரிய துண்டை நறுக்கி நீட்டினான்.

"நுனிநாக்குல வச்சா என்னத்தத் தெரியும்? அண்ணன்னா நல்லா மென்னு பாத்துல்ல சொல்லுவாரு."

பச்சைப் பொய். அவர் ஒருநாளும் மென்றதில்லை. அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

வாங்கி, ஓரத்தை மட்டும் கடித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

அவன் கிழங்கைப் பார்க்கவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு முழுத் துண்டையும் வாயில் போட்டு மென்றாள்.

மென்றுகொண்டே மேசையைப் பிடித்தாள். கால் மடங்கித் தரையில் சரிந்தாள்.

"தம்பி... நாக்கு மரக்குது. தண்ணி..."

தண்ணீர்க் கூஜா அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஷாநவாஸ் எழுந்து ஷட்டர் பக்கம் போனான். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மீதிப் பாதியையும் மெதுவாக இறக்கி, உள்ளிருந்து கொண்டியை மாட்டினான். காலையிலிருந்தே மின்சாரம் இல்லாத கடையில் பின் ஜன்னல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

சாவிக்கொத்து மேசைக்கு அந்தப் பக்கம் ஆணியில் தொங்கியது. அதை எடுக்க அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கைலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினான்.

இத்தனை நாள் இவனை வெறும் பேராசைக்காரன் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பியபோது ஃபக்ருன்னிசா எழுந்து நின்றிருந்தாள். வாயில் இருந்ததைத் துப்பாமல் விழுங்கினாள்.

"வெறும் கசப்புத்தான் தம்பி. அசல் அதிவிடயம். நாவி வேணும்னு போய் நிக்கிறவன் மொகத்தப் பாத்தே மலைக்காரங்க அதிவிடயத்தக் குடுத்து அனுப்பிருவாங்க."

அவன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுவாள் என்று இன்னமும் நம்புகிறவன்போல அவளைப் பார்த்தான்.

அவள் அதே கிழங்கில் இன்னொரு துண்டு நறுக்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு விலகினான். முதுகு ஷட்டரில் இடிக்கும்வரை பின்வாங்கினான்.

வெளியே தொழுகை முடிந்து வந்தவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. கடை ஏன் முழுசாக மூடியிருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். ஜமாஅத் தலைவரின் குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஷட்டரைத் தட்டினார்கள்.

"தொறங்க தம்பி," என்றாள் ஃபக்ருன்னிசா. "உங்க அதிவிடயத்த அவங்க முன்னால மெல்லுங்க."

ஷாநவாஸ் கொண்டியில் கை வைத்தான். திறக்கவில்லை.