மணிக்கட்டு உயரம்

குளியலறையில் இருந்தவர்கள்: அப்பா, மகன், கைப்பிடி பொருத்த வந்த பிளம்பர். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டாள்.

நாற்றம் அப்படி. இந்தத் தரையில்தான் அப்பா இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். இரண்டாவது தடவை, விடியும்வரை தன் மூத்திரத்திலேயே கிடந்தார். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு தாங்காது, அப்புறம் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிளம்பர் பழைய ரப்பர் மிதியடியை உரித்தெடுத்தார். அடியில் சோப்பும் முடியும் சேர்ந்து கறுப்புக் கூழாக ஒட்டியிருந்தது. மகன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இதில் எப்படிக் குளித்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டான். அதைக் கேட்க அவனுக்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது.

ஆனாலும் செய்ய வந்துவிட்டான். வழுக்காத ஓடு, கழிப்பறைக்குக் கைப்பிடி, படுக்கையறையிலிருந்து வரும் வழிக்கு இரவு விளக்கு, வாசல்படிக்குப் பதில் சாய்தளம். அப்பாவுக்கு வாய் நிற்கவில்லை. கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த ஆள், இப்போது கக்கூசில் நிற்கக் கம்பி கேட்கிறேன் என்று பிளம்பரிடம் சொல்லிச் சிரித்தார்.

பிளம்பர் அவரை நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடச் சொன்னார். மணிக்கட்டு வரும் இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். ஆளுக்கு ஆள் இது மாறும் என்றார்.

மகன் கட்டைவிரலால் அந்தக் கோட்டை அழித்தான். ஒரு சாண் கீழே வேறு கோடு போட்டான்.

"ஐயா நல்ல உசரம் சார். குனிஞ்சுல்ல பிடிக்கணும்?"

"நான் சொன்ன இடத்துல போடு."

அப்பா உடனே மகன் பக்கம் சாய்ந்தார். படித்த பிள்ளை, நாலு இடத்தில் விசாரிக்காமல் சொல்ல மாட்டான், வயசானால் கூன் விழத்தானே போகிறது என்றார். மருமகள் செல்போனில் எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிமெண்ட் தூசி ஆகாது, வேலை முடியும்வரை மொட்டைமாடி அறையில் இருங்கள் என்றார்கள். அதற்கு வெளிப்பக்கம் ஓர் இரும்புச் சுழல்படி. துருப்பிடித்து ஆடும், பிடிக்க ஒன்றும் கிடையாது. அப்பா கைகளை ஊன்றித் தவழ்ந்து ஏறினார். உள்ளங்கை முழுக்கப் புறா எச்சம். மேலே கழிப்பறை இல்லை. ஒரு வாளி வைத்திருந்தார்கள். கொஞ்ச நாள்தானே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார்.

வேலை முடிந்துவிட்டதென்று பிளம்பர் கீழிருந்து குரல் கொடுத்தார். அப்பா போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். நேரே குளியலறைக்குப் போய்க் குனிந்து கம்பியைப் பிடித்துப் பார்த்தார். அது அசையவில்லை. இனி விழமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மகனின் நெஞ்சுயரம்கூட இல்லாத ஒரு கிழவியும், தடி ஊன்றிய அவள் கணவரும் இறங்கினார்கள். மகன் ஓடிப்போய்க் கிழவியைக் கைத்தாங்கலாகச் சாய்தளத்தில் ஏற்றினான். மருமகள் அவர்களுடைய பெட்டிகளை அப்பாவின் படுக்கையறைக்கு இழுத்துப்போனாள். அவர்களுடைய பிள்ளை வெளிநாட்டிலிருந்து வாடகையை முன்கூட்டியே அனுப்பிவிட்டான் என்று போகிற போக்கில் சொன்னாள்.

அப்பா போர்வையோடு நின்றார். மகன் அவர் முதுகில் கைவைத்து வெளியே நடத்திவந்து, இரும்புப் படிக்கு எதிரே விட்டான்.

"அப்ப நான்?"

மகன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவங்க வயசானவங்கப்பா. விழுந்துட்டா நான்ல பதில் சொல்லணும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பூட்டினான்.