சுவருக்கு அப்பால் விழுந்த மாலைகள்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுவர் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்திருந்தது. மரியபுஷ்பம் மேற்குப் பக்கத்துச் சாதியில் பிறந்தவள்; கிழக்குப் பக்கத்துச் சாதிக்காரரான அவள் கணவர் அருளப்பன் கிழக்கே புதைக்கப்பட்டார். கிழக்குப் பக்க வாசல் அவளுக்குத் திறக்கப்படவில்லை. ஆகவே கல்லறைத் திருநாள்தோறும் அவள், கணவரின் கல்லறைக்கு அடையாளமாகச் சொல்லப்பட்ட வேப்பமரத்துக்கு நேராக நின்று, சுவருக்கு அப்பால் மாலையை எறிவாள்.

இவ்வாண்டு மழையில் சுவர் இடிந்தது. மாலையுடன் முதன்முறையாகக் கிழக்கே நடந்தாள். அருளப்பனின் கல்லறையில் புல் மட்டுமே இருந்தது. பக்கத்துச் சிலுவையிலோ, பழைய மாலைகளின் வாழைநார்கள் சிக்கிக் கிடந்தன.

“இது யாருப்பா?” என்று, சுவரை மறுபடி கட்ட வந்திருந்த கொத்தனாரிடம் கேட்டாள்.

“ஞானாதிக்கம் ஐயா. இந்தச் சுவரையே அவருதாம்மா கட்ட வெச்சாரு. வருஷா வருஷம் யாரோ மாலை போட்டுட்டுப் போறாங்கன்னு அவரு வீட்ல ஒரே பெருமை.”

மரியபுஷ்பம் நார்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, புதிய மாலையோடு சேர்த்துக் கணவரின் கல்லறையில் வைத்தாள்.

“அந்தப் பக்கம் போயிருங்கம்மா. ஊர்த் தலைவரு வர்றதுக்குள்ள மொத வரிசைக் கல்லு வெக்கணும்,” என்று கொத்தனார் பழைய சுவரின் கோட்டில் நூல் பிடித்தார்.

அவள் நூலைத் தாண்டவில்லை. அஸ்திவாரப் பள்ளத்தில் இறங்கிச் சம்மணமிட்டு அமர்ந்தாள்.

“வை,” என்றாள்.